முறுக்குத் தண்டு

நின்றுகொண்டிருக்கும் காரின் முன்சக்கரங்களைத் திருப்புவதுதான் ஸ்டீயரிங்குக்கு வாய்த்த வேலைகளில் ஆகக் கடினமானது. வண்டி ஓடும்போது டயர் உருண்டபடியே திசை மாறிக்கொள்ளும். ஒவ்வொரு கணமும் தரையைத் தொடும் ரப்பர் புதிது. நின்ற வண்டியிலோ அதே ரப்பர், அதே தார்மீது, இருந்த இடத்திலேயே அரைபட்டுத் திரும்ப வேண்டும். 1,400 கிலோ எடையுள்ள நடுத்தரக் காரில் இன்ஜின் முன்னால் இருப்பதால், முன்சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் 400 கிலோவுக்கு மேல் அழுந்துகிறது. அந்தச் சுமையோடு தரையில் பதிந்திருக்கும் பரப்பு உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. இரண்டு சக்கரங்களையும் அப்படி அரைத்துத் திருப்ப, அவற்றை இணைக்கும் ரேக் என்ற பல்சட்டத்தை 600, 700 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ள வேண்டியிருக்கும். ஓட்டுநர் இதை ஒற்றைக் கையால், பின்னால் எட்டிப் பார்த்தபடி, பேச்சை நிறுத்தாமலே செய்துவிடுகிறார். அந்தக் கை கொடுக்கும் விசை ஒன்றரைக் கிலோவைப் பெரிதாகத் தாண்டுவதில்லை.

மீதி விசை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை எளிது: இன்ஜினிலிருந்து, எண்ணெய் வழியாக. எந்தப் பக்கம் தள்ள வேண்டும், எவ்வளவு தள்ள வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அந்த எண்ணெய்க்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில் நின்று பார்க்க வேண்டிய இடம். கணினியோ மின்சாரமோ இல்லாமல், ஒரு மெல்லிய எஃகுத் தண்டும் சில பள்ளங்களும் இந்த மூன்றையும் தீர்த்துவைக்கின்றன.

பவர் ஸ்டீயரிங் வருவதற்கு முன்பு கனமான வண்டிகளைத் திருப்பியது பல்சக்கர விகிதம். சக்கரம் ஒரு டிகிரி திரும்ப ஸ்டீயரிங் இருபது டிகிரியோ இருபத்தைந்து டிகிரியோ சுழலும்படி அமைத்துவிட்டால் கையின் பாரம் குறையும். ஆனால் பல்சக்கரம் எதையும் இனாமாகத் தருவதில்லை. விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் வசூலித்துவிடும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மூன்று சுற்றில் முடிய வேண்டிய வேலை ஐந்து, ஆறு சுற்றாகும். வளைவில் திடீரென எதிரே ஒரு வண்டி வந்தால் கை சுற்றி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அகலமான ஸ்டீயரிங் வட்டம் இன்னொரு வழி. பழைய லாரிகளில் ஏறக்குறைய படுக்கைவாட்டில் கிடக்கும் பெரிய வட்டத்தை ஓட்டுநர் தோளையும் முதுகையும் கொடுத்து இழுத்தது அதனால்தான். 1923ஐ ஒட்டி அமெரிக்காவில் குறைந்த காற்றழுத்தம் கொண்ட தடித்த பலூன் டயர்கள் பரவின. பயணம் மெத்தென்று ஆனது, தரையில் பதியும் ரப்பர் கூடியது, ஸ்டீயரிங் இன்னும் கனத்தது.

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவை கார்கள் அல்ல, கப்பல்கள். 1858இல் மிதக்கவிடப்பட்ட கிரேட் ஈஸ்டர்ன் 211 மீட்டர் நீளம். அந்த அளவுள்ள கப்பலின் சுக்கானை மனிதர் கூட்டமாகச் சேர்ந்து பிடித்தாலும் அலை அவர்களைத் தூக்கி எறியும். நீராவி இன்ஜின் கப்பலிலேயே இருந்தது. அதன் வலுவைச் சுக்கானுக்குக் கொண்டுபோவது பெரிய காரியமில்லை. சிரமம் வேறு இடத்தில் இருந்தது. வால்வைத் திறந்தால் இன்ஜின் சுக்கானைத் தள்ளும், தள்ளிக்கொண்டே இருக்கும். மாலுமி பத்து டிகிரி கேட்டால் பத்து டிகிரியில் அது நிற்க வேண்டும், நிற்கச் சொல்ல ஆள் இல்லாமலே நிற்க வேண்டும். ஜான் மக்ஃபார்லேன் கிரே 1866இல் காப்புரிமை பெற்று அக்கப்பலில் பொருத்திய நீராவிச் சுக்கான் இயந்திரம் இதற்கு ஒரு வழி கண்டது. மாலுமியின் சக்கரம் வால்வைத் திறக்கும். சுக்கானின் அசைவு திரும்பிவந்து அதே வால்வை மூடும். இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருக்கும்வரை மட்டுமே நீராவி பாயும். ஃபிரான்ஸில் ஜோசப் ஃபார்கோ இதே கொள்கையை விரித்து 1873இல் ஒரு நூலே எழுதினார். திரவத்தின் அழுத்தத்தால் விசையைப் பெருக்கலாம் என்று பாஸ்கல் எழுதியது 1663இல் அச்சாயிற்று. பிராமா 1795இல் ஹைட்ராலிக் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். விசையைக் கொடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு, அதை உரிய நேரத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்ள இன்னும் எழுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

காருக்கு அதைக் கொண்டுவந்தவர் ஃபிரான்சிஸ் டேவிஸ். 1887இல் பிறந்த அவர், பியர்ஸ்-ஏரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தார். கனரக லாரிகளோடு மல்லுக்கட்டும் ஓட்டுநர்களை அருகிலிருந்து பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் ஒரு சிறு பட்டறை அமைத்து, ஜார்ஜ் ஜெஸ்ஸப் என்ற தேர்ந்த கைவினைஞரோடு சேர்ந்து சோதனைகளில் இறங்கினார். அன்றைய ஹைட்ராலிக் இயந்திரங்களில் வழக்கம் என்னவென்றால், எண்ணெயை எப்போதும் உயர் அழுத்தத்தில் அடைத்துவைத்திருப்பார்கள். வேண்டும்போது வால்வைத் திறப்பார்கள். தொழிற்சாலையில் இது சரிப்படும். ஓயாமல் குலுங்கும் வண்டியில் அந்த அழுத்தம் ஒவ்வொரு இணைப்பிலும் கசிவைத் தேடிக்கொண்டிருக்கும். டேவிஸ் வழக்கத்தைத் தலைகீழாக்கினார். வால்வு எப்போதும் திறந்தே இருக்கட்டும், எண்ணெய் தடையில்லாமல் சுற்றிவரட்டும், உதவி தேவைப்படும் கணத்தில் மட்டும் வால்வு நெருங்கட்டும். நெருங்கும் இடத்தில் அழுத்தம் தானாக எழும். 1926இல் ஒரு பியர்ஸ்-ஏரோ காரில் இதைப் பொருத்தி டெட்ராய்ட்டுக்கு ஓட்டிச்சென்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்களிடம் காட்டினார். அவர்களுக்குப் பிடித்திருந்தது.

பிடித்தும் அது கடைக்கு வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸுடன் சில ஆண்டுகள் வேலை நடந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, உற்பத்திச் செலவு கட்டுப்படியாகாது என்று 1930களின் நடுவில் திட்டம் கைவிடப்பட்டது. டேவிஸ் பெண்டிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது கவச வாகனங்களும் கனரக ராணுவ வண்டிகளும் அவருடைய கருவியை எடுத்துக்கொண்டன. போர் முடிந்த பிறகு முதன்முதலாக அதைச் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றது டேவிஸோடு தொடர்பில்லாத கிரைஸ்லர்: 1951ஆம் ஆண்டின் இம்பீரியல் கார். டேவிஸின் அடிப்படைக் காப்புரிமைகள் அதற்குள் காலாவதியாகியிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் மறு ஆண்டே காடிலாக்கில் கொண்டுவந்தது. உலகம் தயாராகும்வரை காத்திருந்த கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்வது வழக்கம். காப்புரிமை தீரும்வரை காத்திருந்த தொழில் என்றும் சொல்லலாம்.

கருவியின் முதல் உறுப்பு பம்ப். இன்ஜினின் பெல்ட் அதைச் சுற்றுகிறது. பெரும்பாலும் அது தகடு வகைப் பம்ப்: நீள்வட்டக் குழிக்குள் சுழலும் ஓர் உருளை, அதன் சுற்றிலும் கீறிய பள்ளங்களில் வெளியேயும் உள்ளேயும் வழுக்கும் பத்துப் பன்னிரண்டு மெல்லிய தகடுகள். உருளை சுழலும்போது தகடுகள் வெளியே வீசப்பட்டுக் குழியின் சுவரை உரசியபடி போகின்றன. குழி அகலும் பக்கத்தில் இரு தகடுகளுக்கு இடையே எண்ணெய் நிரம்புகிறது. குறுகும் பக்கத்தில் அது பிழியப்பட்டு வெளியேறுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 9 கன சென்டிமீட்டர் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பம்புக்கு ஒரு பிறவிச் சாபம் உண்டு. அது இன்ஜினோடு கட்டப்பட்டது. ஸ்டீயரிங்குக்கு உதவி மிக அதிகமாகத் தேவைப்படுவது வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும்போது. அப்போது இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றுதான். உதவி ஏறக்குறைய வேண்டாத நெடுஞ்சாலையில் இன்ஜின் 3,000, 4,000 சுற்று ஓடும். ஆகவே பம்பின் அளவை மிக மெதுவான வேகத்துக்கு ஏற்றபடி தீர்மானித்தாக வேண்டும். 800 சுற்றில் 7 லிட்டருக்குச் சற்று மேல் தரும் பம்ப், 5,000 சுற்றில் 45 லிட்டர் தரும். அவ்வளவும் ஸ்டீயரிங்குக்குப் போனால் குழாய்களும் வால்வும் தாங்கா. கையும் தன் கட்டுப்பாட்டை இழக்கும். எனவே பம்பின் வெளிவாயிலேயே ஓர் ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு உட்கார்ந்திருக்கிறது. நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தைப் பம்பின் உள்வாய்க்கே திருப்பி ஊட்டிவிடுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகும் வண்டியில் பம்ப் தன் உழைப்பின் பெரும்பகுதியைத் தானே விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கான டீசலையோ பெட்ரோலையோ வண்டிக்காரர் வாங்கி ஊற்றுகிறார். பிற்காலத்தில் இந்தக் கருவி கார்களிலிருந்து வெளியேற்றப்பட்டதற்கு முதற்காரணம் இங்கேதான் இருக்கிறது.

பம்பிலிருந்து கிளம்பும் எண்ணெய், தடித்த அழுத்த ஹோஸ் வழியாக ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள சுழல்வால்வுக்குப் போகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த வால்வுதான் கருவியின் மூளை என்று எழுதுவது எளிது. ஆனால் அது எதையும் யோசிப்பதில்லை, முறுகுகிறது, அவ்வளவுதான்.

ஸ்டீயரிங் வட்டத்திலிருந்து இறங்கிவரும் தண்டு, ரேக்கின் பற்களோடு கோத்த பினியன் என்ற சிறு பல்சக்கரத்தோடு நேரடியாக இணைக்கப்படவில்லை. இரண்டுக்கும் நடுவே, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனும் 10 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. அதன் மேல்நுனி உள்தண்டோடும் கீழ்நுனி பினியனோடும் ஊசி அடித்துப் பூட்டப்பட்டவை. இதுதான் முறுக்குத் தண்டு. பட்டறைப் பேச்சில் டார்ஷன் பார். சக்கரம் திரும்ப மறுத்து மேலே கை திருப்பினால் இந்தக் கம்பி கொஞ்சம் முறுகும். உள்தண்டின் புறத்தில் நீளவாட்டில் பள்ளங்கள் வெட்டியிருக்கின்றன. அதைச் சுற்றி ஓர் உறை. உறையின் உட்புறத்திலும் அதே மாதிரிப் பள்ளங்கள். உறை பினியனைச் சேர்ந்தது. ஆக, உள்தண்டு கையின் விருப்பத்தைக் காட்டுகிறது. உறை சக்கரத்தின் நிலையைக் காட்டுகிறது. கம்பி முறுகும் அளவு எவ்வளவோ அவ்வளவே இரண்டின் பள்ளங்களும் ஒன்றுக்கொன்று விலகும்.

கை சும்மா இருக்கும்போது பள்ளங்கள் நேர்படுகின்றன. பம்பிலிருந்து வரும் எண்ணெய் இரு பக்கமும் சமமாகப் பிரிந்து, வந்த வேகத்தில் எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது. எங்கும் அழுத்தம் இல்லை. குழாயின் உராய்வை வெல்லும் அளவுக்கு, சதுர சென்டிமீட்டருக்கு நாலைந்து கிலோ மட்டும். வயலில் வாய்க்கால் தண்ணீர் இரு பக்கமும் தடையின்றி வடிந்துகொண்டிருக்கும்போது எந்தப் பாத்தியிலும் தேங்காது. ஒரு பக்க வடிகாலில் மண்வெட்டியளவு மண்ணை வைத்தால் அந்தப் பக்கம் மட்டம் ஏறும். ஓட்டுநர் இடப்பக்கம் திருப்பும்போது வால்வு செய்வது இதைத்தான். ஒரு பக்கத்தில் சிலிண்டருக்குப் போகும் இடைவெளி விரிகிறது, தொட்டிக்குத் திரும்பும் இடைவெளி சுருங்குகிறது. மறுபக்கம் இதற்கு நேரெதிர். சுருங்கிய பக்கத்தில் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லாததால் அழுத்தம் எழுகிறது. பம்ப் அழுத்தத்தைத் தருகிறது என்று சொல்வது சரியில்லை. பம்ப் தருவது ஓட்டம். ஓட்டத்துக்கு வழி குறையும்போது பிறப்பதே அழுத்தம்.

இந்த விரிவும் சுருக்கமும் எவ்வளவு நுணுக்கமானவை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்தண்டின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால், ஒரு டிகிரி முறுக்கத்தில் அதன் விளிம்பு நகர்வது 0.17 மில்லிமீட்டர். நாலு டிகிரியில் ஏறக்குறைய முழு உதவியும் கிடைத்துவிடும். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியின் திசை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குக்குள் தீர்மானமாகிறது. உள்தண்டையும் உறையையும் இணையிணையாகப் பொருத்தி வைப்பதும், தூசி புகாமல் காப்பதும், அழுக்கான எண்ணெயைப் பொறுத்துக்கொள்ளாததும் இதனால்தான்.

வால்விலிருந்து கிளம்பும் இரு மெல்லிய குழாய்கள் ரேக்கின் மேலுள்ள சிலிண்டரின் இரு அறைகளுக்குப் போகின்றன. ரேக்கின் மீதே ஒரு பிஸ்டன் பொருத்தப்பட்டிருக்கும். அதன் ஒருபுறம் அழுத்த எண்ணெய், மறுபுறம் தொட்டிக்குத் திரும்பும் எண்ணெய். சிலிண்டரின் விட்டம் 40 மில்லிமீட்டர், நடுவே ஓடும் ரேக்கின் விட்டம் 24 மில்லிமீட்டர் என்றால், எண்ணெய் தள்ளுவதற்குக் கிடைக்கும் வளையப் பரப்பு சுமார் 8 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோ அழுத்தம் எழும்போது பிஸ்டன் 640 கிலோ விசையோடு ரேக்கைத் தள்ளும். ஓட்டுநரின் கையிலிருந்து பினியன் வழியாக வந்துசேர்வது? விளிம்பில் ஒன்றரைக் கிலோ, ஏறத்தாழ இருபத்தைந்து மடங்காகி, 40 கிலோவுக்குள். எண்ணெய் இல்லையென்றால் இந்த வேலைக்கு விளிம்பை 27 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். இதில் உராய்வைச் சேர்க்கவில்லை.

ரேக் நகர்கிறது. நகரும்போது அதன் பற்களோடு கோத்த பினியனும் சுழல்கிறது. பினியனோடு உறையும் சுழல்கிறது. உறை எந்தத் திசையில் சுழல்கிறது? கை திருப்பிய திசையிலேயே. உள்தண்டு முன்னால் போயிருந்தது. உறை பின்னாலேயே வந்து அதைப் பிடிக்கிறது. பிடித்ததும் கம்பியின் முறுக்கு அவிழ்கிறது, பள்ளங்கள் மறுபடி நேர்படுகின்றன, அழுத்தம் வடிகிறது. கை இன்னும் திருப்பிக்கொண்டே இருந்தால் உறை இன்னும் துரத்திக்கொண்டே இருக்கும். கை நின்றால் ஒரு நொடிக்குள் உறையும் நிற்கும். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசமே இந்தக் கருவிக்கு உணவு. அந்த வித்தியாசத்தைத் தின்று தீர்ப்பதே அதன் வேலையும். கிரேட் ஈஸ்டர்னின் சுக்கானறையில் தண்டுகளும் பல்சக்கரங்களும் கொண்டு செய்ததை, இங்கே ஒரு கம்பியின் மீள்தன்மை செய்துவிடுகிறது.

இதே கம்பி எதிர்த்திசையிலும் வேலை பார்க்கிறது. முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் மோதினால் அடி ரேக் வழியாகப் பினியனுக்கு ஏறுகிறது. ஓட்டுநரின் கை வட்டத்தைப் பிடித்திருப்பதால் உள்தண்டு அசையவில்லை, உறை மட்டும் அசைகிறது; கம்பி கீழிருந்து முறுகுகிறது. வால்வுக்கு முறுக்கம் எங்கிருந்து வந்தது என்ற கவலையில்லை. அடியை எதிர்க்கும் பக்கம் எண்ணெயை அனுப்பிவிடுகிறது. டயர் வெடித்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்து நிறுத்த முடிவது இதனால்தான். பழைய லாரிகளில் பள்ளத்தில் இறங்கிய சக்கரம் ஸ்டீயரிங் வட்டத்தைச் சுழற்றிவிட, அதன் ஆரக்கால் கட்டைவிரலைப் பதம்பார்க்கும். பவர் ஸ்டீயரிங் அந்த ஆபத்தைப் பெரும்பாலும் போக்கிவிட்டது.

இன்ஜின் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கான விடையும் வால்வுக்குள்ளேயே இருக்கிறது. உள்தண்டுக்கும் பினியனுக்கும் இடையே சில டிகிரி இடைவெளி விட்டு உலோக முட்டுகள் உண்டு. எண்ணெய் உதவாதபோது கம்பி அந்த எல்லைவரை முறுகி, பிறகு முட்டோடு முட்டு மோதி, கை நேரடியாகப் பினியனைத் திருப்பும். ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் போய்விடாது. பவர் ஸ்டீயரிங்கே இல்லாத காரைவிட அதிகமாகவே கனக்கும். ஏனென்றால் உதவியை நம்பி விகிதத்தைக் குறைத்திருக்கிறார்கள், சிலிண்டரில் இருக்கும் எண்ணெயையும் கையே பிதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து உருட்டும் பழக்கம் பிரேக்கை மட்டுமல்ல, ஸ்டீயரிங்கையும் பறிக்கும்.

இதுவரை சொன்னது விசையைப் பற்றியது. இதைவிடச் சிக்கலானது, கைக்கு என்ன தெரிய வேண்டும் என்பது. முன்சக்கரத்தின் திருப்பு அச்சு சற்றே பின்புறம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வாலும், வளைவில் டயரின் ரப்பர் நெளிந்து இழுபடுவதாலும், திருப்பிய சக்கரம் நேர்ப்படத் துடிக்கும். ஓட்டுநரின் கையில் தெரியும் எதிர்ப்பு இதுவே. சாலை ஈரமாகி டயர் பிடியை இழக்கத் தொடங்கும்போது, வண்டி வழுக்குவதற்கு முன்பே இந்த எதிர்ப்பு குறையும். கை அதை உணர்ந்தால் வேகத்தைக் குறைக்க ஒரு நொடி கிடைக்கும். உதவியை மிகுதியாகக் கொடுத்தால் இந்தச் செய்தி எண்ணெயில் மூழ்கிப்போகும். 1950களின் கிரைஸ்லர் கார்களை ஒற்றை விரலால் திருப்பலாம் என்று விளம்பரம் செய்தார்கள்; ஓட்டியவர்கள் சாலையே தெரியவில்லை என்று குறைபட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் கருவி கை ஓரளவு விசை கொடுத்த பிறகே உதவத் தொடங்கும்படி அமைக்கப்பட்டது. நேராக ஓடும்போது கைக்கும் சாலைக்கும் இடையே பேச்சு தொடர்ந்தது. இரண்டில் பின்னதே புத்திசாலித்தனம் என்பதைப் பிற்கால வடிவமைப்புகள் ஒப்புக்கொண்டன.

அந்தப் பிற்கால வடிவமைப்புகளில் விஷயம் உள்தண்டுப் பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறது. விளிம்பைச் செங்குத்தாக விட்டால் கம்பி சற்று முறுகியதும் அழுத்தம் சட்டென்று பாயும். ஸ்டீயரிங் திடீரென லேசாகும். விளிம்பைச் சாய்வாகத் தீட்டினால் முதல் ஒரு டிகிரியில் அழுத்தம் மெல்ல எழும், பிறகு வேகமாக எழும். நெடுஞ்சாலையில் சிறு திருத்தங்கள் முதல் பகுதிக்குள் முடிந்துவிடும். அங்கே கை சாலையை உணர்கிறது. பார்க்கிங்கில் கம்பி மேலும் முறுகி இரண்டாம் பகுதிக்குப் போகும். அங்கே உணர்வு யாருக்கும் தேவையில்லை, விசைதான் தேவை. ஒரு காரின் ஸ்டீயரிங் நயமானது, இன்னொன்றினுடையது பஞ்சுபோல என்று ஓட்டிப் பார்ப்பவர்கள் சொல்வதில் பெரும்பங்கு, மயிரிழை அகலமுள்ள இந்தச் சாய்வின் வடிவத்தைப் பற்றிய தீர்ப்பு. கம்பியின் தடிமனும் இதில் சேரும். முறுக்க எதிர்ப்பு தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், 6 மில்லிமீட்டர் கம்பியை 5 ஆக்கினால் அது பாதிக்கும் கீழான விறைப்போடு முறுகும்.

ஃபிரான்ஸின் சிட்ரோயன் இந்தப் பேச்சையே அறுத்துப் பார்த்தது. 1970இல் வந்த எஸ்எம் காரில் சாலையின் எதிர்ப்பு எதுவும் கைக்கு வராது. பதிலாக, ஹைட்ராலிக் அழுத்தமே ஒரு கேமைப் பிடித்து ஸ்டீயரிங்கை நடுவுக்குத் தள்ளும். வேகம் கூடக்கூட அந்தத் தள்ளலும் கூடும். கோடிக்குக் கோடி இரண்டே சுற்று. நின்ற வண்டியில் கையை எடுத்தால்கூட ஸ்டீயரிங் தானாக நேர்ப்படும். முதன்முறை ஓட்டியவர்கள் தெருவில் பாம்புபோல் நெளிந்தார்கள். பழகியவர்கள் வேறெந்தக் காரையும் ஓட்ட மனமில்லை என்றார்கள். கைக்கு வரும் உணர்வு இயற்கையானதாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஒழுங்கானதாக இருந்தால் போதும் என்று அந்தக் கார் வாதிட்டது. இன்றைய மின்சார ஸ்டீயரிங்குகளைப் பார்க்கையில் அந்த வாதம் தோற்கவில்லை என்றே தோன்றுகிறது.

பழுதுகள் பெரும்பாலும் கொள்கையிலிருந்தே கிளைக்கின்றன. ஸ்டீயரிங்கைக் கோடிவரை திருப்பிப் பிடித்தால் ரேக் மேலும் நகராது, உறையும் உள்தண்டைப் பிடிக்க முடியாது, வால்வு இறுகியபடியே இருக்கும். எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் எல்லையைத் தொட்டதும் பம்பிலுள்ள பாதுகாப்பு வால்வு முனகலோடு திறக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் அது ஒரு கிலோவாட்டுக்கும் மேலான திறன். வண்டியை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாமல் முழுவதும் சூடாகிறது. ஒரு லிட்டர் எண்ணெய் விநாடிக்கு அரை டிகிரிக்கும் மேல் சூடேறும். கோடியில் சில விநாடிகளுக்கு மேல் பிடிக்க வேண்டாம் என்று மெக்கானிக் சொல்வது இதனால். எண்ணெய் குறைந்து காற்று புகுந்தால் நுரை கட்டும். நுரை அமுங்கும், எண்ணெய் அமுங்காது. ஸ்டீயரிங் விட்டுவிட்டுக் கனக்கும், பம்ப் உறுமும். முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி மெதுவாகப் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றுவார்கள். குளிர்ந்த காலையில் திருப்பும்போது கிறீச்சிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பம்ப் தேய்ந்திருந்தால், இன்ஜின் மெதுவாக ஓடுகையில் ஸ்டீயரிங்கை வேகமாகச் சுழற்றும்போது நடுவில் ஒரு கணம் கல்போலாகும். கை கேட்ட வேகத்துக்குப் பம்பால் எண்ணெய் ஊட்ட முடியவில்லை. ரேக்கின் நுனிகளில் உள்ள ரப்பர் உறைகளில் எண்ணெய் கோத்திருந்தால் உள்ளே ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். சிவப்பு எண்ணெய் கேட்கும் வண்டியில் பச்சை எண்ணெயை ஊற்றுவதும் சீலுக்கு எமனாகலாம்.

லாரியிலும் பேருந்திலும் ரேக் இல்லை, ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கிறது. திருகுதண்டின் மீது எஃகுக் குண்டுகள் உருள, அவற்றின் மேல் ஏறி இறங்கும் நட்டே பிஸ்டனாகவும் செயல்படும். பாக்ஸின் உடலே சிலிண்டர். பிஸ்டனின் பக்கத்துப் பற்கள் ஒரு விசிறிப் பல்சக்கரத்தைத் திருப்ப, அதிலிருந்து ஒரு நெம்புகோல், டிராக் லிங்க் என்ற இணைப்புத் தண்டு, சக்கரம். அழுத்தம் காரைவிட அதிகம். சென்னை எண்ணூரின் அசோக் லேலண்ட் 1969இலேயே தன் வணிக வாகனங்களில் பவர் ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்தது. ஆனாலும் அது எல்லா லாரிகளுக்கும் இயல்பான உறுப்பாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. கூடுதல் விலை கொடுக்க வேண்டியவர் முதலாளி, தோள் வலி ஓட்டுநருடையது என்பதை மறந்துவிட்டு இதற்குக் காரணம் தேட முடியாது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலையில் ராணே குழுமத்தின் கூட்டு நிறுவனம் நடத்தும் ஆலையில் இத்தகைய ஸ்டீயரிங் கருவிகள் தயாராகின்றன.

கார்களில் எண்ணெயின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 1988இல் ஜப்பானின் சுசுகி செர்வோ என்ற சிறு காரில் மின்மோட்டார் ஸ்டீயரிங்குக்கு உதவத் தொடங்கியது. மோட்டார் திருப்பும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும். நேராகப் போகும்போது ஏறக்குறைய எதுவும் எடுக்காது. பெல்ட், பம்ப், ஹோஸ், சீல், கசிவு எதுவும் இல்லை. உதவியின் அளவை மென்பொருள் தீர்மானிப்பதால், விளிம்பைத் தீட்டிச் செய்ததை எண்களால் செய்யலாம். ஆனால் கை என்ன கேட்கிறது என்பதை அந்த மென்பொருளும் அறிந்தாக வேண்டுமே. அதற்காகத் தண்டின் நடுவே அதே முறுக்குக் கம்பியைத்தான் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் பள்ளங்களுக்குப் பதில் ஓர் உணரி, அது எத்தனை டிகிரி முறுகியது என்று படிக்கிறது. கனரக லாரியில் நிலைமை வேறு. ஆறேழு டன் தாங்கும் முன் அச்சைத் திருப்பும் விசையை மின்கலத்திலிருந்து எடுப்பது சிரமம். வால்வோ 2013இல் தன் எஃப்எச் லாரிக்குக் கொண்டுவந்த முறையில், வழக்கமான ஹைட்ராலிக் பாக்ஸின் தலையில் ஒரு மின்மோட்டாரை உட்காரவைத்தார்கள். ஓட்டுநரின் கையோடு சேர்ந்து அந்த மோட்டாரும் தண்டைத் திருப்புகிறது, மேடுபள்ளங்களின் உதறலைத் திருத்துகிறது. சக்கரத்தை நகர்த்தும் பளுவை இன்னும் எண்ணெய்தான் சுமக்கிறது.